தக்காளிக்கு நான் கட்டிய நிழல்

அமல்,

அன்று உன் வீட்டுப் பின்புறத்தில், மேட்டுப்பாத்தியின் ஓரம் நின்றுகொண்டு நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். நான் உண்டாகியிருந்தேன். அப்போது மூன்றாவது மாதம். போனில் சொல்கிற விஷயம் இல்லை, முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். நீ ஒரு தக்காளிப் பூவை விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாய். “இது நின்னுச்சின்னா பிஞ்சு புடிக்கும் சித்தி” என்றாய். நான் “சரிப்பா” என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. உன்னோடு இருந்த மூன்று வாரமும் அந்தச் ‘சரிப்பா’விலேயே போய்விட்டது. இப்போது ஏழாவது மாதம் நடக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வல்லத்திலிருந்து என் அம்மா வீட்டு ஆட்கள் வளையல் அடுக்க வருகிறார்கள். அன்று சாயங்காலமே படங்கள் எல்லாருடைய போனிலும் ஓடிவிடும். அதற்கு முன் நீ இதை என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். பேச வராததை எழுத வரும் என்பதுதான் என் வாழ்நாள் நம்பிக்கை. எழுதி, ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

ஏன் வாய் வரவில்லை என்பதைச் சொல்ல, உன்னுடைய பன்னிரண்டாவது வயதுக்குப் போக வேண்டும். உன் அம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வயதில் நான் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தேன். உனக்கும் எனக்கும் பத்து வயதுதான் வித்தியாசம். உன் வயதுப் பையன்களோடு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாது. நீயும் பேசுகிற பிள்ளை இல்லை. சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் ஏதாவது ஒரு புத்தகத்தை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது தட்டு காலியாகியிருக்கும், புத்தகத்தைக் காணவில்லை என்றால் அன்று நல்ல நாள். அப்படியே சில மாதங்கள் போயின. பிறகு மாதா கோயில் திருவிழா வந்தது. தேர் சுற்றி வந்த பிறகு, உறவுக்காரப் பெண் ஒருத்தி உன் கன்னத்தைக் கிள்ளி, “உங்க வூட்ல ஒரு பாப்பா வந்துட்டா அப்புறம் ஒன்ன யாருடா பாப்பாங்க?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்தேன்.

மறுநாள் மத்தியானம் உன் பள்ளிக்கூடப் பையைக் காணவில்லை. விடுமுறை நாளில் பை எதற்கு என்று யோசித்தபடி திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். விழுப்புரம் போகிற பஸ்ஸில், ஜன்னலோரம், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஏறி உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எங்க போறே?”

“திருவெண்ணெய்நல்லூருக்கு. மாமா வூட்டுக்கு.”

“சொல்லாமயா?”

“பாப்பா வந்துட்டா நான் எதுக்கு அங்க?”

இறங்கு என்று சொல்லி உன் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் வந்து, “இன்னாம்மா, அக்காவும் தம்பியும் கோவிச்சிக்கினு வந்துட்டீங்களா? எங்க எறங்கணும்?” என்றார். “விழுப்புரம்” என்றேன். வேறு என்ன சொல்வது? நீ ஜன்னல் பக்கம் திரும்பியபடியே, “அக்கா இல்ல, சித்தி” என்று அவரைத் திருத்தினாய். மயிலம் போகும் பாதை பிரிகிற இடம் தாண்டியதும் நான் பேச ஆரம்பித்தேன். எனக்குக் குழந்தை நீதான், வேறு குழந்தை வேண்டாம், பெற்றுக்கொள்ள மாட்டேன் என்று சொன்னேன். மாதா மேல் ஆணையாக என்றும் சொன்னேன். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். விழுப்புரத்தில் இறங்கிப் பரோட்டா சாப்பிட்டோம். திரும்பி வந்த பயணம் எனக்கு நினைவில் இல்லை. அதற்குப் பிறகு நீ பையை எடுத்துக்கொண்டு எங்கும் போகவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த வாக்கை நான் காப்பாற்றினேனா, அது தானாகக் காப்பாற்றப்பட்டதா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முதல் சில வருடங்கள் அது என் முடிவு. உன் அப்பாவிடம் சொன்னபோது, “புள்ளைக்கு வாக்குக் குடுத்தா நானும் சேர்ந்துதான் காப்பாத்தணும்” என்று சிரித்தார். நீ பிளஸ் டூ முடித்து நர்சிங் படிக்கப் போன பிறகு அந்த முடிவை நாங்கள் பேசாமலேயே கைவிட்டோம். அப்போது குழந்தை வரவில்லை. மருத்துவரிடம் போய்க் கேட்கிற அளவுக்கு நாங்கள் ஆசைப்பட்டோமா என்றால் அதுவும் இல்லை. வராதது வராததாகவே பழகிவிட்டது. நூலக வேலைக்குப் போனேன், வந்தேன். படித்தேன். உன்னிடமிருந்து போன் வந்தால் நிறைவாக இருந்தது. முப்பத்து நான்கு வயதில், சித்திரை வெயிலில், புத்தக அடுக்குக்குப் பக்கத்தில் மயக்கமாக வந்தபோது வெயில்தான் என்றுதான் நினைத்தேன். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மருத்துவர் சொன்ன பிறகு நான் முதலில் நினைத்தது உன்னைத்தான். அந்த ஜன்னலோரத்தையும் மடியில் இருந்த பையையும்.

உன் அப்பாவுக்கு பஸ் டிப்போ வேலையில் லீவு கிடைக்கவில்லை. நீ முன்பே எடுத்து அனுப்பியிருந்த டிக்கெட்டில் நான் மட்டும் கிளம்பினேன். ஸ்காட்லாந்தில் நீ இருக்கும் அந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தபோது ராத்திரி பத்து மணி என்றாய். வெளியே பகல் மாதிரி இருந்தது. கடிகாரத்தையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இவ்வளவு வெளிச்சம் இருந்தும் ஸ்வெட்டர் போட வேண்டியிருந்தது. வெளிச்சமும் சூடும் ஒன்றுதான் என்று முப்பத்து நான்கு வருடம் நினைத்திருந்தவளுக்கு, இரண்டும் வேறு வேறு என்று அன்றுதான் தெரிந்தது. குளிர்நாட்டுக் கதைகளில் வெயில் வந்ததும் மனிதர்கள் ஏன் அப்படி மகிழ்கிறார்கள் என்று மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து படித்தபோதெல்லாம் எனக்குப் புரிந்ததே இல்லை. எழுதுகிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை நீ எனக்கு முதலில் காட்டியது ஊரை அல்ல, தக்காளிச் செடிகளை. செங்கல் சுவரை ஒட்டி, பழைய மரப்பலகைகளை நான்கு பக்கமும் அடித்து, இடுப்பளவு உயரத்துக்கு மண் நிரப்பி வைத்திருந்தாய். ஒரு கட்டிலைவிடச் சிறியது. அதில் ஐந்தாறு செடிகள். இந்த ஐந்தாறு செடிக்கா இத்தனை பாடு என்று கேட்க வந்து அடக்கிக்கொண்டேன். வல்லத்தில் என் அப்பா தக்காளி போட்ட வருடங்களில் விலை விழுந்தால் மாட்டுக்குக் கூடை கூடையாகக் கொட்டியிருக்கிறோம். ஒரு பழத்தை யாரும் நின்று பார்த்ததில்லை.

போன வருடம் நடந்ததை நீ சொன்னாய். முதல் வருடம் நம்மூர் முறைப்படியே செய்தாயாம். பள்ளம் எடுத்து, சுற்றி வரப்பு கட்டி, பாய்ச்சிய தண்ணீர் ஓடிவிடாமல் நிற்கிற மாதிரி பாத்தி. ஆனால் அங்கே தண்ணீரை யாரும் பாய்ச்ச வேண்டியதில்லை. வானமே பாய்ச்சிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டு ஷீனா, அந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவள், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்திருக்கிறாள்.

“வாத்து வளக்கப் போறியான்னு கேட்டா சித்தி. எனக்கு மானமே போச்சி. அப்பக் கூட நான் வுடல. மழ நின்னதும் சரியாயிடும்னு பாத்தேன்.”

“நின்னுச்சா?”

“இன்னிக்கும் நிக்கல.”

வேர் அழுகி எல்லாம் போய்விட்டது. தண்ணீரைத் தேக்குவது எப்படி என்று நமக்கு எலும்பில் தெரியும். வடிய விடுவது எப்படி என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, தேவைப்படவும் இல்லை. இந்த வருடம் நீ மண்ணைத் தரையிலிருந்து தூக்கிவிட்டாய். தூக்கி வைத்த மண்ணில் தண்ணீர் நிற்காது, தரையைவிடச் சீக்கிரம் சூடேறும் என்றாய். ஊரில் கற்றதை எங்கே போனாலும் மறக்காதே என்று பெரியவர்கள் சொல்லி அனுப்புவார்கள். நான் சொல்கிறேன், கொஞ்சம் மற. எதை மறக்க வேண்டும் என்பது முதல் வருடச் செடி செத்த பிறகுதான் தெரியும். அதனால் ஒரு வருடச் செடி சாவதற்குப் பயப்படாதே.

ஆனால் பார், இதைச் சொல்கிற நானே என்ன செய்தேன்? நான் வந்த மூன்றாம் நாள் மேகம் விலகி வெயில் வந்தது. நீ வேலைக்குப் போயிருந்தாய். நடுப்பகலில் எட்டிப் பார்த்தால் இலைகள் லேசாகத் துவண்டிருந்தன. ஐயோ, பிள்ளை பாடுபட்டு வளர்த்த செடி கருகிவிடுமே என்று, பெட்டியிலிருந்து என் மஞ்சள் பருத்திப் புடவையை எடுத்து வந்து, நீ நட்டிருந்த குச்சிகளின் மேல் பந்தலாகக் கட்டினேன். அக்கினி நட்சத்திரத்தில் நாற்றுக்கு நிழல் கட்டுவோமே, அதே மாதிரி. நான்கு முனையிலும் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, உனக்கு ஒரு உதவி செய்துவிட்ட நிம்மதியோடு உள்ளே போய்ப் படுத்தேன். வந்து பார்த்த நீ சிரித்துச் சிரித்துப் புல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

“சித்தி, வருஷத்துல நாலு நாளுதான் இந்த ஊருக்கே வெயிலு. அதுக்கும் கொடை புடிச்சிட்டீங்களா?”

“வாடிப்போச்சேப்பா.”

“வாடட்டும். சாயங்காலம் எழுந்துக்கும். ஜல்தி அவுருங்க, இருக்கற வெயிலும் போயிடப் போவுது.”

நாம் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஷீனா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, இது உங்கள் ஊர்ப் பண்டிகையா என்று கேட்டாள். நீ முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு ஆமாம் என்றாய். அப்போது நான் வெட்கப்பட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நாம் நேசிக்கிறவற்றுக்கு நாம் கட்டுகிற நிழல் பெரும்பாலும் நமக்குப் பட்ட வெயிலின் அளவுக்குத்தான் இருக்கிறது. அவற்றுக்கு எவ்வளவு தேவை என்று நாம் பார்ப்பதில்லை. பஸ்ஸில் நான் கொடுத்த வாக்கும் அப்படி ஒரு புடவைதானோ என்று இப்போது தோன்றுகிறது.

நீ வெயிலைச் சேர்த்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. தெற்குப் பக்கம் சாய்ந்தே நடந்துபோகிறது. அது போகிற பாதையைப் பார்த்து, தெற்கு நோக்கிய சுவரைத் தேர்ந்தெடுத்திருந்தாய். சுவர் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி செடிக்குக் கொடுக்கும் என்றாய். நான் நம்பாமல், இருட்டியும் இருட்டாத அந்த நேரத்தில் வெளியே வந்து சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் விட்ட குழந்தையின் நெற்றி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. செடிகளுக்கு இடையில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைப் புதைத்திருந்தாய். அவையும் சூட்டை வாங்கிவைத்துக்கொள்ளும். செடிக்கு ஊற்றுகிற தண்ணீரை முதல் நாளே பிடித்துச் சமையலறைக்குள் வைத்திருந்தாய், வேருக்குக் குளிரக் கூடாது என்று. ராத்திரி மெல்லிய வெள்ளைத் துணியால் மூடினாய், காலையில் எடுத்தாய். திண்டிவனத்தில் நாம் ஒவ்வொரு வருடமும் எந்த வெயிலிலிருந்து ஓடி ஒளிகிறோமோ அந்த வெயிலை, நீ அங்கே கையேந்தி, சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டிருந்தாய். இந்த உலகத்தில் நாம் இலவசமாக வாங்கிக் குறை சொன்ன எதை எதை, யார் யார் எங்கெங்கே இப்படிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்களோ.

அந்தப் பூவைப் பற்றிச் சொன்னேனே. குளிர் அதிகமானால் பூ உதிர்ந்துவிடும், காற்றும் வண்டும் வராத நாளில் நாமே தட்டிவிட வேண்டும் என்று நீ ஒவ்வொரு கொத்தாகத் தட்டிக்கொண்டு போனாய். நோயாளியின் நாடி பார்க்கிற விரல். அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதே நேரத்தில் அந்தப் பூவும் என் வயிறும் ஒரே நிலையில்தான் இருந்தன. நிற்குமா, உதிருமா என்று இரண்டுக்கும் தெரியாது. மூன்று மாதம் தாண்டட்டும் என்ற ஊர்வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். உண்மையில் நான் பயந்தது வேறு. நீ “சந்தோஷம் சித்தி” என்று சொல்வாய், எனக்குத் தெரியும். மரியாதையாக, அழகாகச் சொல்வாய். அப்படிச் சொல்லும்போது உன் முகம் ஒரு கணம் ஜன்னல் பக்கம் திரும்புமே, அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. செடியின் பக்கக் கிளைகளைக் கிள்ள என்னையும் அழைத்தாய். கிள்ளிய விரலை மூக்கருகில் கொண்டுபோனதும் அந்தப் பச்சை வாசனை அடிவயிற்றைப் புரட்டியது. உள்ளே ஓடிவிட்டேன். ஃபிளைட்டில் வந்த அலுப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு நீ என்னைச் செடியைத் தொட விடவில்லை. நான் பூவாளியைத் தூக்கினால், “வைங்க சித்தி, நான் ஊத்திக்கிறேன்” என்று வாங்கிக்கொள்வாய். ஒருமுறை கொஞ்சம் கடுமையாகவே, “தூக்காதீங்கன்னு சொன்னேன்ல” என்றாய். புடவை கட்டியதிலிருந்து என்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்த பிறகு நம் பேச்செல்லாம் தக்காளியாகவே இருந்தது. பிஞ்சு பிடித்துவிட்டது என்று ஜூலைக் கடைசியில் படம் அனுப்பினாய். “மல்லாட்டை அளவுக்கு இருக்குது” என்றாய், வேர்க்கடலையை இன்னும் நம்மூர்ப் பேரிலேயே சொல்லி. நூலகத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வாரம்தான் எனக்குள் முதல் அசைவு தெரிந்ததாக நினைத்துக்கொண்டேன். மருத்துவரிடம் சொன்னால் இவ்வளவு சீக்கிரம் தெரியாது என்றார். ஆகஸ்டில் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டாய், இனி உயரம் வேண்டாம், இருக்கிற காயைப் பழுக்க வைக்கட்டும் என்று. நம்மூரில் அதைச் செய்ததில்லை. இங்கே செடிக்கு நேரம் இருக்கிறது. அங்கே குளிர் வருவதற்குள் அது ஒரு முடிவு எடுக்க வேண்டும். காய்கள் வளர்ந்தன, பளபளவென்று பச்சையாகவே நின்றன. செப்டம்பர் வந்தது. “இன்னும் பச்சதான்” என்று நீயும், “பொறுத்துக்கோப்பா” என்று நானும். போனை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொள்வேன், கழுத்துக்குக் கீழே தெரியாத மாதிரி. உன் அப்பா பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொள்வார். ஒருநாள் போனை வைத்ததும், “அவன் என்ன ஒன்ன முழுங்கிடவா போறான்?” என்றார்.

“நீங்களே சொல்லிடுங்களேன்.”

“வாக்கு நீ குடுத்தது. நான் எப்படிச் சொல்றது? நீயே சொல்லு.”

போன வாரம் முதல் பழம் சிவந்தது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரியது. அதைப் போனில் எனக்குக் காட்டிவிட்டு, இரண்டாக அரிந்து, உப்புப் போட்டு, எனக்கு முன்னாலேயே சாப்பிட்டாய். கண்ணை மூடிக்கொண்டாய். ஊரில் மூட்டை மூட்டையாகப் பார்த்த பழம். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “புளிப்பு. நம்ப ஊரு தக்காளி மாதிரியேதான் இருக்குது” என்று சொல்லிவிட்டு, தட்டில் ஒட்டியிருந்த விதையை விரலால் வழித்துச் சாப்பிட்டாய். அந்த இடைவெளியிலும் நான் சொல்லவில்லை, அமல்.

இப்போது சொல்கிறேன். மாதா மேல் ஆணையிட்டு உனக்குக் கொடுத்த வாக்கு நிற்கவில்லை. அதற்காக வருந்துகிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். வருந்தவில்லை. உள்ளே அசைகிறபோதெல்லாம் நான் செய்துகொண்டிருக்கிற வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன், அவ்வளவு வியப்பாக இருக்கிறது. ஆனால் அந்த வியப்பில் பாதி உன்னிடமிருந்து கற்றது. பன்னிரண்டு வயதில், பேசத் தெரியாத ஒருத்தியை நம்பி ஒரு வீட்டில் தங்கினாயே, அதைவிடப் பெரிய ஆச்சரியத்தை நான் பார்த்ததில்லை. உனக்கு நாளை மனைவி வருவாள், பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு எப்போதைக்குமாக எந்த வாக்கும் கொடுக்காதே. இந்த வருடத்துக்குக் கொடு. அடுத்த வருடம் மண்ணைப் பார், வெயிலைப் பார், பிறகு மறுபடி கொடு. உனக்கு நான் இந்த வருடத்துக்குக் கொடுப்பது இதுதான்: உன் அறையில் எதுவும் இடம் மாறாது. உன் முகம் ஜன்னல் பக்கம் திரும்பினால் திரும்பட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

*

மேலே எழுதியதைப் படம் எடுப்பதற்குள், வெள்ளிக்கிழமை மத்தியானம், உன் பார்சல் வந்தது. உன் அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். உள்ளே மெல்லிய தாளில் சுற்றி, பச்சை நிறத்தில் ஒரு கம்பளித் தொப்பி. வேறு எதுவும் இல்லை. உன் அப்பா அதை முஷ்டியில் மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரியாக முஷ்டி அளவு.

“நீ சொல்லிட்டியா?”

“இல்லியே. நீங்க?”

“நான் எதுக்குச் சொல்றேன்?”

உனக்குப் போன் செய்தேன். அந்தப் பேச்சை இங்கே எழுதி வைக்கிறேன், எனக்கே மறந்துவிடக் கூடாது என்று.

“எப்பலேர்ந்து தெரியும் ஒனக்கு?”

“தக்காளி எலைய மோந்துட்டு ஓடுனீங்களே, அன்னிலேர்ந்து.”

“ஃபிளைட்டுல வந்த அலுப்புன்னு சொன்னனே.”

“நான் நர்சு சித்தி. அலுப்பு எது, மசக்கை எதுன்னு தெரியாமயா சம்பளம் வாங்கிக்கினு இருக்கேன்?”

“ஏன்டா கேக்கல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். மூணு மாசம் தாண்டட்டும்னு இருக்காங்கன்னு நெனச்சேன். நாலு ஆச்சு, அஞ்சு ஆச்சு. போன்ல மூஞ்ச மட்டும் காட்டிக்கினு இருக்கீங்க. ஒரே பேஜாராப் போச்சி. ஷீனா தொப்பியே பின்னி முடிச்சிட்டா.”

பூவாளி. அப்போதுதான் எனக்குப் பூவாளி நினைவுக்கு வந்தது. அப்புறம் நான் அந்த பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். விழுப்புரம் பஸ்ஸில் நான் கொடுத்த வாக்கு என்றேன்.

“என்ன வாக்கு?”

சொன்னேன்.

“பைய எடுத்துக்கினு போனது ஞாபகம் இருக்குது. பரோட்டா ஞாபகம் இருக்குது, சால்னா காரம். போறப்ப நீங்க என்னமோ பேசிக்கினே வந்தீங்க. நான் எங்க கேட்டேன்? காத்து அடிச்சிக்கினு இருந்துச்சி, கோவம் வேற. திரும்பி வர்றப்பதான் சித்தி. நீங்க தூங்கிட்டீங்க, என் தோள் மேல சாஞ்சி. நான் திண்டிவனம் வர்ற வரைக்கும் அசையாம உக்காந்துக்கினு வந்தேன். அப்பதான், சரி, இங்கயே இருக்கலாம்னு நெனச்சேன்.”

எனக்கு அந்தத் தூக்கம் நினைவில் இல்லை. இப்போதும் இல்லை. பன்னிரண்டு வருடம் நான் சுமந்தது நான் சொன்ன ஒரு சொல்லை. நீ வைத்திருந்தது என் தலையின் பாரத்தை. போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அந்தத் தொப்பியைக் கையில் வைத்திருந்தேன். திண்டிவனத்துக்குக் கம்பளித் தொப்பி. புடவைப் பந்தலுக்குப் பதில் வந்துவிட்டது என்று உன் அப்பா சிரித்தார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அன்று அனுப்பாமல் வைத்த இந்தத் தாளை இப்போது, பங்குனியில், எடுத்து முடிக்கிறேன். பனி பிடிப்பதற்குள் மிச்சக் காய்களைப் பறித்து, செய்தித்தாளில் சுற்றி, ஒரு வாழைப்பழத்தோடு பெட்டியில் மூடிவைத்தாய், அவை கிறிஸ்துமஸ் வரை ஒவ்வொன்றாகச் சிவந்தன. பொங்கலுக்கு முந்தின வாரம் முண்டியம்பாக்கத்தில் உன் தங்கை பிறந்தாள். நான்காம் நாள் நீ வந்து சேர்ந்தாய். தொப்பி அவளுக்குப் பெரிதாக இருந்தது, கண்ணை மறைத்தது. நீ திரும்பிப் போன பிறகு, மாசியில், பனி விழுந்த ஒரு விடிகாலையில் மறுபடி போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. வெயில் ஏறியதும் கழற்றிவிட்டேன்.